உரித்து வைத்த முகம்

கோகிலவாணியின் முகத்தைப் பற்றி மலையில் யார் வாயைத் திறந்தாலும் ஒரே பேச்சுதான். "அப்பன உரிச்சு வச்சாப்ல இருக்குது புள்ள." மற்ற வீடுகளில் இப்படிச் சொன்னால் பெற்றவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும், சொன்னவருக்கு ஒரு டம்ளர் காப்பி கிடைக்கும். இவளிடம் சொன்னவர்கள் சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். கடித்து என்ன புண்ணியம்? சொன்னது சொன்னதுதான். அவள் அப்பன் காளியண்ணன், அவள் அம்மா மாதம்மாளை வெட்டிக் கொன்றவன்.

தேவனூர் நாடு என்கிற மலைப்பகுதியில் அவர்களுடைய மிளகுத் தோட்டத்தில், பட்டப்பகலில் நடந்தது அது. மாதம்மாள் ஏணிமேல் நின்று மிளகுச் சரம் பறித்துக்கொண்டிருந்தாள். கீழே உதிர்ந்ததை எட்டு வயது கோகிலவாணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். காளியண்ணனுக்குப் பெண்டாட்டிமேல் சந்தேகம். யாரோடு என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. பஸ் கண்டக்டர் சில்லறை கொடுக்கும்போது சிரித்தால்கூட அன்றைக்கு அவள் முதுகுத்தோல் உரிந்துவிடும். அன்று வந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, ஏணியைக் காலால் உதைத்துத் தள்ளினான். அவள் விழுந்து எழுந்திருப்பதற்குள் கொடுவாளால் கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று. அந்தக் கை தனியாகப் போய் மிளகுச் சாக்கின்மேல் விழுந்தது. அவன் நின்று மூச்சு வாங்கினான். மூச்சு வாங்கியபடியே மகளைத் திரும்பிப் பார்த்தான்.

நடுவில் எலும்பு புடைத்து முட்டு வைத்த நீள மூக்கு, ஒன்றோடொன்று சேர்ந்த புருவம், குழி விழுந்த அகலத் தாடை. அந்த முகத்தோடு அப்பனை அவள் பார்த்தது அதுதான் கடைசி. கொடுவாளை ஓடைத்தண்ணீரில் கழுவிவிட்டு அவனே போலீசுக்குப் போய்விட்டான். பாவி தன் முகத்தை மட்டும் மகளிடம் விட்டுவிட்டுப் போனான். அவள் வளர வளர அந்த மூக்கும் அந்தத் தாடையும் அவளிடமே வளர்ந்தன. ஒரு பெண் இதற்கு என்னதான் செய்வாள், சொல்லுங்கள்.

அம்மாவின் கூடப் பிறந்த அர்த்தனாரி மாமாதான் அவளைத் தூக்கிக்கொண்டு வாழவந்தி நாட்டுக்கு வந்தார். அவருக்கும் பானுமதி அத்தைக்கும் பிள்ளை இல்லை. இவளைக் கண்ணுக்குள் வைத்துத்தான் வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மைல் சைக்கிளில் வைத்து மிதித்தார் மாமா. காய்ச்சல் வந்தால் தூங்கமாட்டார். பலாப்பழம் வெட்டினால் முதல் சுளை அவளுக்குத்தான். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

பேசுவார், ஆனால் அவள் காலைப் பார்த்துப் பேசுவார். இல்லாவிட்டால் வாசலில் நிற்கும் ஆட்டைப் பார்த்துப் பேசுவார். சின்ன வயதில் அவளும் மாமாவுக்குக் கூச்சம் என்றுதான் நினைத்திருந்தாள். பன்னிரண்டு வயதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். மாமா தெரியாத்தனமாக நிமிர்ந்துவிட்டார். அவ்வளவுதான், கையில் எடுத்த களி உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே ஓடினார். வேலியோரம் அவர் குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தது அவளுக்குக் கேட்டது. அத்தை அவள் தலையைத் தடவிவிட்டு, இனிமேல் மாமா சாப்பிடும்போது அந்தப் பக்கம் திரும்பி உட்கார் என்று சொன்னாள். அன்றைக்குத் திரும்பி உட்கார்ந்தவள்தான்.

படித்து முடித்ததும் நாமக்கல்லில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சேலைப் பிரிவென்றால் தெரியுமே, நாலு பக்கமும் கண்ணாடி. யாரோ ஒருத்திக்கு மடிப்பு வைத்துத் தோளில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் காளியண்ணன் நிற்பான். மூன்று வருடம் அவனோடு அவள் வேலை பார்த்தாள். ஒருநாள் தையல் பிரிவின் கத்தரியை எடுத்து மூக்கு முட்டின்மேல் வைத்து அழுத்தினாள். ரத்தம் கோடாக இறங்கி வாய்க்குள் போனது. கூட வேலை பார்க்கும் பெண்கள் பிடித்து இழுத்திராவிட்டால் இன்னும் அழுத்தியிருப்பாள். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக ஒரு டாக்டரிடம் போய்ச் செய்துகொள்வது என்று முடிவெடுத்தாள்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அருணா என்று ஒரு டாக்டர். முகத்தைச் சீரமைக்கிற அறுவை சிகிச்சையில் பேர் எடுத்தவர். கோகிலவாணி மூக்கைக் காட்டினாள், தாடையைக் காட்டினாள், மாற்ற வேண்டும் என்றாள். மூச்சு விடச் சிரமமா என்று டாக்டர் கேட்டார். இல்லை. கல்யாணத்துக்கு யாராவது குறை சொன்னார்களா? இல்லை. பிறகு யாருக்காக என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குக் கோகிலவாணி உடைந்துவிட்டாள். ஏணியிலிருந்து வேலியோரம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"எங்க மாமா ஒரே ஒரு தடவை எம் மூஞ்சியப் பாத்து, சாப்டியா கண்ணுன்னு கேக்கணுங்க டாக்டர். அதுக்குத்தான்" என்றாள்.

டாக்டர் அருணா அவள் மூக்கையும் தாடையையும் தொட்டுப் பார்த்தார். முட்டு எலும்பைச் செதுக்கி மூக்கைத் தணிக்கலாம், தாடைக் குழியை நிரப்பலாம், வீக்கம் வற்ற மாதக்கணக்கில் ஆகும், பழைய மூக்கு திரும்ப வராது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கடைசியில்தான் அதைச் சொன்னார். "மூக்கை நான் மாத்திருவேன்மா. உங்க மாமா கண்ணை என்னால மாத்த முடியாது. போய் அவர்கிட்டயே கேளுங்க. கேட்டுட்டு வந்தும் உங்களுக்கு வேணும்னு தோணுச்சுன்னா அன்னைக்கு போட்டோ எடுத்து, அளவெடுத்து, தேதி குறிக்கலாம்."

கோகிலவாணிக்குக் கோபம்தான் வந்தது. வெட்டிக்கொள்கிறேன் என்று வந்து நிற்பவளிடம் போய்க் கேட்டுவிட்டு வா என்றால்? ஆனாலும் அந்தப் பேச்சு தைத்துவிட்டது. மறுநாள் காலையிலேயே மலைக்கு பஸ் ஏறினாள். ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, மாமாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். சரி என்று மாமா சொல்லிவிட்டால் அடுத்த வாரமே ஆபரேஷன் மேசையில் படுத்துவிடுவது. வேண்டாம் என்றால்? வேண்டாம் என்று சொல்லவாவது நிமிர்ந்து பார்ப்பாரா?

அவள் போன நேரம் மாமா வீட்டில் இல்லை. செம்மேடு வரைக்கும் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றாள் அத்தை. தை மாதம், மிளகு பழுத்து நிற்கிறது, ஆனால் சந்தை நாள் என்பதால் பறிக்க ஓர் ஆள் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. நான் போய் நாலு மரம் பறிக்கிறேன் என்று கிளம்பினாள்.

மிளகுக்கு ஏறுகிற பெண்கள் மலையில் எப்படி ஏறுவார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மரத்தில் முசுறு எறும்பு கொள்ளை கொள்ளையாக இருக்கும். ரவிக்கைக்குள் ஒன்று இறங்கினால் போதும், ஏணியிலிருந்து குதிக்க வேண்டியதுதான். அதனால் ஆம்பிளைச் சட்டையைக் கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டு, கை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, கொண்டையை மறைத்துத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்வார்கள். கோகிலவாணியும் அப்படித்தான் கட்டினாள். கொட்டகையில் மாட்டியிருந்த ஒரு பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். ஒற்றை மூங்கில் ஏணியை சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டி ஏறினாள். கொடியின் இலைக்குள் அவள் உடம்பே தெரியவில்லை. தெரிந்தது முகம் மட்டும்தான்.

அதே நேரத்தில் செம்மேட்டில், கருப்பண்ணனின் டீக்கடையில், அர்த்தனாரி கையில் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கருப்பண்ணனுக்கு எந்தச் சேதியும் வயிற்றில் தங்காது. காளியண்ணனை நன்னடத்தைக்காக ஜெயிலிலிருந்து விட்டுவிட்டார்களாம், காலை முதல் பஸ்ஸில் மலை ஏறிவிட்டானாம், மகளைத் தேடிக்கொண்டு உங்கள் தோட்டத்துப் பக்கம்தான் வருவான் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றெல்லாம் அளந்துவிட்டான். மாமாவின் கையிலிருந்த டீ தரையில் கொட்டியது. அந்த முகம் இன்னொரு தடவை என் கண்ணில் பட்டால் அது கழுத்தில் இருக்காது என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். பெஞ்சில் வருகிறவர்கள் போகிறவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா வண்டியை உதைத்துக் கிளப்பினார். இடுப்புக் கொக்கியில் கொடுவாள் எப்போதும்போல் தொங்கிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் காலடிச் சத்தம் கேட்டதும் கோகிலவாணிக்கு மாமா என்று தெரிந்துவிட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. கொடியை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு குனிந்து கீழே பார்த்தாள். மாமா நிமிர்ந்தார்.

நேராகப் பார்த்தார். கண்ணைத் தாழ்த்தவில்லை, ஆட்டைத் தேடவில்லை. அவள் முகத்தை முழுசாக, நெற்றியிலிருந்து தாடைவரை, பார்த்துக்கொண்டே நின்றார். கோகிலவாணிக்கு அந்த ஒரு நொடியில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? அடக் கடவுளே, மாமா என்னைப் பார்க்கிறார் என்று உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. வாயைத் திறந்து மாமா என்று சொல்லப்போனாள்.

"உன்னையெல்லாம் உசுரோட விட்டானுகளேடா" என்றார் மாமா.

அடுத்த நொடி ஏணி காலடியில் இல்லை. கிளையில் தோள் மோதி, விலா மோதி, கல்லின்மேல் முதுகு அடிக்க விழுந்தாள். மூச்சு அடைத்துக்கொண்டது, கத்தச் சத்தம் வரவில்லை. முதல் வெட்டு ஏணியில் விழுந்து மூங்கில் பிளந்தது. இரண்டாவது வெட்டு தடுத்த கையில் விழுந்தது, எலும்பில் பட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. மாமாவின் பல் வெளியே தெரிந்தது, கடைவாயில் எச்சில் ஒழுகியது, "எந் தங்கச்சி, எந் தங்கச்சி" என்று ஒவ்வொரு ஓங்கலுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது வெட்டு முகத்தில் இறங்கியது. இடது புருவத்தில் ஆரம்பித்து, மூக்கைக் குறுக்கே பிளந்துகொண்டு, வலது கன்னத்தில் முடிந்தது. கண்ணுக்குள் சூடாகக் கொட்டியது. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

"மாமா, நான் கோகிலாங்க."

தலைத்துண்டு அவிழ்ந்து முடி மண்ணில் விழுந்து கிடந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. மாமா அந்த முடியைப் பார்த்தார், அவள் கொலுசைப் பார்த்தார், கொடுவாளைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்தது மனுஷக் குரலாக இல்லை. கொடுவாளைத் திருப்பித் தன் கழுத்தில் வைத்துவிட்டார். கோகிலவாணி வெட்டுப்படாத கையால் தாவி அலகைப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. அந்த நிலைமையிலும் அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

"நீங்க செத்துட்டா என்னை யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது?" என்றாள்.

மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தார்ரோடு வரைக்கும் ஓடினார். அன்னாசிப்பழம் ஏற்றி வந்த ஒரு வேனை மறித்து நிறுத்தினார். பழத்தின்மேலேயே அவளைக் கிடத்தி, அவள் முகத்தைத் தன் வேட்டியால் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அடிவாரம் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் ரத்தம் வேன் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அடிவாரத்தில் ஆம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். முகம் என்றதும் சேலத்துக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டாள். டாக்டர் பெயரையும் அவளேதான் சொன்னாள்.

கண் விழித்தபோது முகம் முழுக்கக் கட்டு, ஒரு கண் மட்டும் வெளியே. டாக்டர் அருணா பக்கத்தில் நின்றிருந்தார். தோலை ஒட்டித் தைத்தாயிற்று, கை பிழைத்துவிட்டது, கண்ணுக்கு ஒன்றும் இல்லை, மூக்கு எலும்புதான் நொறுங்கிக் கிடக்கிறது, வீக்கம் இறங்கியதும் இன்னொரு அறுவை செய்து எடுத்துக் கட்ட வேண்டும் என்றார். கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது. "நான் காசு குடுத்து வெட்டிக்கலாம்னு இருந்தேங்க டாக்டர். எங்க மாமா சும்மாவே வெட்டிட்டாரு" என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை.

போலீஸ் வந்தது. ஏணியிலிருந்து விழுந்தேன், இடுப்பில் சொருகியிருந்த கொடுவாள் பட்டுவிட்டது என்று சொன்னாள். ஒரு விழுதலுக்குக் கையிலும் மூக்கிலுமா படும் என்று எஸ்.ஐ. கேட்டார். பட்டது, என்ன செய்ய என்றாள். மாமாமேல் பாசத்தில் இப்படிச் சொன்னாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது. மாமா உள்ளே போய்விட்டால் கேட்க வேண்டியதை யாரிடம் போய்க் கேட்பது? அதற்காகத்தான் சொன்னாள். மாமாவோ வராந்தாவைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று அத்தை வந்து வந்து அழுதாள்.

அத்தை மாமாவைச் சாப்பிட வைக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்த ஒரு மத்தியானம், ஒரு கிழவன் வார்டுக்குள் வந்தான். கறுத்துச் சுருங்கி, கன்னம் ஒட்டி, வாயில் பல் இல்லாமல், மூக்கு சப்பையாக நசுங்கி, யாரோ போட்டுக் கழித்த சட்டைக்குள் தொளதொளவென்று நின்றான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

"யாருங்க பெரியவரே?" என்று கேட்டாள்.

"காளியண்ணன்" என்றான்.

அவள் ஒற்றைக் கண்ணால் அவனை மேலும் கீழும் தேடினாள். தாடையைத் தேடினாள், அந்த மூக்கைத் தேடினாள். சேலைப் பிரிவில் நாலு பக்கமும் நின்ற அந்த முகத்தை இவனிடம் காணவே காணோம். உள்ளே எவனோ கல்லால் இடித்ததில் மூக்கு போனது, பல் போனது என்று அவனே சொன்னான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான். "டீக்கடை பெஞ்சுல நாந்தான் உக்காந்திருந்தேன். 'காலை எடுங்க பெரியவரே'ன்னு சொல்லிட்டு என் காலைத் தாண்டித்தான் உங்க மாமன் போனான். நாந்தான்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே என்னோட முடிஞ்சிருக்கும். சொல்ல வாய் வரல கண்ணு."

கண்ணு என்றானே, அதுதான் அவளை எரித்தது. கோகிலவாணி அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை மட்டும் அப்படியேதான் இருந்தது. "எங்கம்மா கை தனியாப் போயி சாக்கு மேல விழுந்துச்சு. ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். பக்கத்தில் இருந்த சில்வர் டம்ளரை எடுத்து முழு பலத்தோடு வீசினாள். அவன் வாயில் பட்டு உதடு பிளந்தது. ரத்தத்தைத் துடைக்காமல் நின்றான். "போ" என்றாள். இன்னொன்றை எறியக் கையில் ஒன்றும் கிடைக்காமல், கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் ஊசியையே பிடுங்கப் போனாள். நர்ஸ் ஓடிவந்து அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

அன்று சாயங்காலம்வரை கோகிலவாணி அதையே நினைத்துக்கொண்டு கிடந்தாள். அந்த முகத்துக்குப் பயந்துதானே அவள் இத்தனை நாள் செத்தாள்? அதைக் கழற்றிப் போடத்தானே டாக்டரிடம் வந்தாள்? இப்போது பார்த்தால் அவனிடம் அது இல்லை. கொன்றவனின் காலைத் தாண்டிக்கொண்டு வந்து மாமா இவளை வெட்டியிருக்கிறார். உலகத்தில் அந்த முகத்தோடு இருப்பவள் இவள் ஒருத்திதான். இத்தனை வருடம் மாமா ஏன் பார்க்கவில்லை என்பதும் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. பார்த்தால் கண்ணில் என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது இவள்மேல் பட்டுவிடக் கூடாது என்றுதான் மனுஷன் காலையும் ஆட்டையும் பார்த்துப் பேசியிருக்கிறார். அவள் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வீக்கம் இறங்கிய பிறகு டாக்டர் அருணா கட்டைப் பிரித்தார். புருவத்திலிருந்து கன்னம்வரை கறுப்புத் தையல், நடுவில் உட்கார்ந்துபோன மூக்கு. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படியும் நான் இந்த எலும்பை எடுத்துக் கட்டணும். அன்னைக்கு நீங்க கேட்ட மாதிரியே தணிச்சுக் கட்டிரலாம், அதே வேலைதான். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

மாமாவைக் கூப்பிடச் சொன்னாள். வராவிட்டால் நான் எழுந்து வராந்தாவுக்கு வருவேன் என்று சொல்லி அனுப்பினாள். மாமா வந்தார். சுவரோரம் நின்றார். கண் வழக்கம்போல் தரையில். டாக்டர் கேட்டதை அவள் அவரிடம் சொன்னாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"மாத்திக்க சாமி" என்றார் மாமா. "அந்த மூஞ்சி வேண்டாம். அது இருந்துச்சுன்னா நான் மறுக்காவும்..." மேற்கொண்டு சொல்ல முடியாமல் சுவரில் நெற்றியை மோதினார். ஒருமுறை அல்ல, ரத்தம் வருகிறவரை மோதினார். அத்தை ஓடிப்போய்க் கையை இடையில் கொடுத்தாள்.

கோகிலவாணி அவர் நிறுத்துகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் வந்தது, கோபமும் போகவில்லை. "டீக்கடையில ஒரு கிழவன் காலைத் தாண்டிட்டு வந்தீங்களே மாமா, அவந்தான் காளியண்ணன்" என்றாள். "இங்க வந்தான். அவன்கிட்ட அந்த மூஞ்சி இல்லைங்க. எங்கிட்ட மட்டுந்தான் இருக்குது. இது என்னோடது."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தான் தாண்டி வந்த அந்தக் காலை நினைத்தாரோ, ஏணிமேல் தெரிந்ததை நினைத்தாரோ, தலையில் தலையில் அடித்துக்கொண்டார். கோகிலவாணி டாக்டரிடம் திரும்பினாள். பழையபடியே வைத்துவிடுங்கள் என்றாள். முட்டோடு, குழித் தாடையோடு, எது எப்படி இருந்ததோ அப்படியே. மாமா பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி. தழும்பைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். சரி, பழைய மூக்கு நேராகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றார். அன்றைக்கே எடுக்காமல் விட்டது தன் தப்பு என்று நொந்துகொண்டார். கோகிலவாணியிடம் ஏது போட்டோ? நேராக எடுத்த அத்தனையையும் போனிலிருந்து எப்போதோ அழித்துவிட்டாள். ஆதார் அட்டையில் இருப்பதை வைத்து அவளையே அடையாளம் காட்ட முடியாது. முட்டு எவ்வளவு உயரம், எந்த இடத்தில், எந்தப் பக்கம் சாய்வு, வீட்டில் யாராவது சரியாகச் சொல்ல முடியுமா என்று டாக்டர் கேட்டார். அத்தை யோசித்தாள், குழம்பினாள், கையை விரித்தாள்.

"எனக்குத் தெரியுங்க" என்றார் மாமா, தரையில் உட்கார்ந்தபடியே. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். "இடப்பக்கம் ஒரு நூல் சாஞ்சிருக்குங்க. முட்டுக்குக் கீழ சின்னதா ஒரு பள்ளம். சிரிச்சா அந்தப் பள்ளம் இல்லாமப் போயிரும்."

சரியாக எந்த இடம் என்று காட்டுங்கள் என்றார் டாக்டர்.

மாமா எழுந்திருக்க நேரம் பிடித்தது. அத்தை கை கொடுத்தாள். கட்டிலருகே வந்து நின்றார். நெற்றி ரத்தம் புருவத்தில் இறங்கியிருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். தையலும் வீக்கமுமாகக் கிடந்த அந்த முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. விரலை நீட்டி அவள் மூக்கின்மேல் வைத்தார்.

"இந்த எடத்துலீங்க டாக்டர். இன்னுங் கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார்.